ஐஸ் போடாத சர்பத்

ஜூலை 8, திங்கள்

இந்தச் செமஸ்டர் கூத்தாகத்தான் இருக்கப்போகிறது. பிற்பாடு யாராவது கேட்டால் சொல்வதற்கு ஆகும் என்று எழுதி வைக்கிறேன்.

எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டுக்குத் தொழில்முனைவுப் பாடம் என் தலையில். புத்தகத்தைத் திறந்தால் முதல் அத்தியாயத்திலேயே அமெரிக்காவில் எவனோ கார் ஷெட்டில் கம்பெனி ஆரம்பிக்கிறான். என் வகுப்பில் பாதிப் பேரின் அப்பாக்கள் கடலுக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் உப்பளத்து ஆட்கள். கார் இருந்தால்தானே ஷெட் இருக்கும்? புத்தகத்தை மூடினேன். "பாதி மார்க்கு பரீட்சைக்கு, பாதி மார்க்கு நிஜக் கடைக்கு. குழுவாச் சேர்ந்து ஏதாவது யாவாரம் ஆரம்பிங்க" என்றேன்.

கடைசி பெஞ்சிலிருந்து இசக்கிராஜா எழுந்தான்.

"சார், யாவாரம் படுத்துட்டா மார்க்கும் போயிருமா?"

"படுத்தாலும் மார்க்கு உண்டுடே. கடையே போடலைன்னாத்தான் முட்டை."

கைதட்டினார்கள். ஆறு வருடமாகத் தற்காலிக விரிவுரையாளராகக் குப்பை கொட்டுகிறேன். இந்த வருடம் தரமதிப்பீட்டுக் கமிட்டி வருகிறது. புதுமையாக எதையாவது காட்டினால் என்னை நிரந்தரமாக்குவதாக டைரக்டர் பால்துரை சொல்லியிருக்கிறார். எழுத்தில் இல்லை, வாயால்தான்.

மனைவி சுகிர்தாவுக்கு ஐந்தாம் மாதம். இரண்டு முறை கைநழுவிப் போன பிறகு இந்த முறை இதுவரை வந்திருக்கிறோம். டாக்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார். நான்தான் அவள் இருமினால்கூட எழுந்து நிற்கிறேன்.

ஜூலை 12, வெள்ளி

ஒரு குழு டீ-ஷர்ட் அச்சடிக்கிறது, இன்னொன்று டியூஷன். இசக்கிராஜாவும் ரோஷினியும் நன்னாரி சர்பத் கடை. இசக்கியின் அப்பா உப்பளத்துக் கூலி. ரோஷினியின் அப்பாவுக்கு நாட்டுப்படகு. சர்பத்தை அந்தப் பெண் வீட்டில் கலக்கிக் கொண்டுவந்தாள். எலுமிச்சை, நன்னாரி, சப்ஜா விதை. பிரமாதம்.

கணக்குப் போட்டால் ஐஸில் இடிக்கிறது. கடையில் விற்கும் ஐஸ் கட்டியை வாங்கிப் போட்டால் லாபத்தில் பாதி அதற்கே போகிறது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

"கடலை வச்சுக்கிட்டு ஐஸுக்கு அழுதா எப்படி? சுத்தி என்ன இருக்குன்னு பாருங்க" என்றேன். எனக்கே என் புத்திசாலித்தனம் பிடித்திருந்தது.

ஜூலை 16, செவ்வாய்

ரூபனிடம் பேசினேன். என் சித்தப்பா மகன், மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர்.

"பிள்ளைங்க ஒரு யாவாரம் ஆரம்பிக்காங்க ரூபா. தினம் ரெண்டு பார் ஐஸ் வேணும்."

"அதுக்கென்னண்ணே. காலையில ஆளை அனுப்பு. மீன்பிடி போட்டுக்குப் போற லோடுல எடுத்துத் தாரேன்."

எங்கள் ஊரில் ஐஸ் கேட்டால் எதற்கென்று யாரும் கேட்பதில்லை. அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மதியம் வகுப்பில் அதையே பாடமாக்கினேன். சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதை உயிரே போனாலும் வெளியில் சொல்லக் கூடாது. சொன்னால் மறுநாளே பக்கத்தில் இன்னொரு கடை முளைக்கும். "எவன் கேட்டாலும்?" என்றான் இசக்கி. "எவன் கேட்டாலும்" என்றேன். நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டார்கள்.

ஜூலை 18, வியாழன்

கேன்டீன் பக்கத்து வேப்பமரத்தடியில் கடை திறந்தாகிவிட்டது. பெயர் 'ஜில்லு'. ஐஸ் பாரைச் சாக்கில் சுற்றிக் கட்டையால் அடித்து நொறுக்கினான் இசக்கி. முதல் கிளாஸ் எனக்கு. எனக்குப் பல் கூச்சம், சில்லென்று எதைக் குடித்தாலும் உச்சி மண்டை வரை ஏறும். ஐஸ் போடாமல் வாங்கிக்கொண்டேன்.

"ஐஸ் போடாத சர்பத்தா? கடைப் பேரையே கெடுக்கீங்களே சார்" என்றாள் ரோஷினி. எல்லோரும் சிரித்தார்கள்.

சுகிர்தாவுக்கு ஃபிளாஸ்க்கில் வாங்கிப் போனேன், ஐஸ் நிறையப் போட்டு. நெஞ்சு கரிப்பில் பத்து நாளாக எதைத் தின்றாலும் எதுக்களிக்கிறது அவளுக்கு. ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். "இப்பத்தாங்க உசுரு வந்திருக்கு. நாளைக்கும் வாங்கிட்டு வாங்க." தங்கச் செயின் வாங்கிக் கொடுத்தபோதுகூட அவள் முகத்தில் இந்த வெளிச்சத்தைப் பார்த்ததில்லை.

ஜூலை 25, வியாழன்

தினமும் ஃபிளாஸ்க். சமையல் எரிவாயு புக் செய்யவேண்டும். மோட்டாரில் சத்தம், பிளம்பர் நாளை வருகிறேன் என்று நான்கு நாளாகச் சொல்கிறார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

கோயில் திருவிழாவில் 'ஜில்லு' தனிப் பந்தல் போட்டது. கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். நான் போனபோது பச்சைக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண், குழந்தையின் உதட்டில் ஐஸைத் தடவிக்கொண்டிருந்தாள். வெயில் அப்படி.

இசக்கியின் அப்பா வேலை முடித்து நேரே வந்திருந்தார். உப்பு பூத்த காலோடு பந்தலுக்கு வெளியிலேயே நின்று மகன் விற்பதைப் பார்த்தார். என்னிடம் வந்து, "எம்மவன் யார்ட்டயும் கைகட்டி நிக்காம பொழைச்சுக்கிருவான்லா சார்?" என்று கேட்டார். ஆசிரியர் வேலையில் இப்படி ஒரு நாள் கிடைத்தால் போதும். டைரக்டர் போட்டோ எடுத்துக் கல்லூரியின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டார்.

ஆகஸ்ட் 14, புதன்

வகுப்பில் ஒன்பது பேர் வரவில்லை. நாளை விடுமுறை என்றால் இன்றே மூட்டை கட்டிவிடுகிறார்கள். வந்தால் பார்த்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 21, புதன்

வந்தவர்களும் மேசையில் கவிழ்ந்து கிடக்கிறார்கள். இருவர் பாதி வகுப்பில் வாந்தி எடுக்க ஓடினார்கள். ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே மீதி வகுப்பை முடித்தேன்.

ரோஷினி மட்டும் தினமும் கடையில் நிற்கிறாள். ஒவ்வொரு முறை கலக்கும்போதும் ருசி பார்ப்பது அவள்தான். இன்று பணம் எண்ணும்போது நிமிர்ந்தாள். கண் மஞ்சளாக இருந்தது. தூக்கமில்லையா என்றேன். "சோறைப் பாத்தாலே குமட்டுது சார், வேற ஒண்ணுமில்ல" என்றாள். வீட்டுக்கு அனுப்பினேன். சாயங்காலம் அவள் அப்பா போன் செய்தார். மஞ்சக்காமாலையாம், கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார்களாம்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பில் சத்தே கிடையாது. காலையில் பட்டினி, மதியம் பரோட்டா.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ரூபன் வீட்டுக்கு வந்தான், சுகிர்தாவுக்கென்று விளைமீன் எடுத்துக்கொண்டு. பேச்சுவாக்கில், "அந்தப் பிள்ளைகளுக்கு மீன் யாவாரம் எப்பிடிப் போகுதுண்ணே?" என்றான்.

மீன் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவனே தொடர்ந்தான். "ஐஸை வெறுங்கையால தூக்காண்டாம்னு சொல்லு. நாங்களே தொட்டா சோப்பு போட்டுத்தான் கழுவுவோம். சாக்கடை ஓடைத் தண்ணி ஃபேக்டரிக் கிணத்துல எறங்கி ரெண்டு மாசமாச்சு. மீனுக்குத்தானன்னு முதலாளி ஓட்டுதாரு."

"நல்லாப் போகுது" என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மீனைக் கழுவினேன். செதில் வாஷ்பேசினில் அடைத்துக்கொண்டு தண்ணீர் இறங்கவில்லை. ஊக்கு வைத்துக் குத்திச் சரி செய்தேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

இசக்கியைத் தனியாகக் கூப்பிட்டேன். ஐஸைக் கடையிலேயே வாங்கிக்கொண்டால் என்ன என்று கேட்டேன்.

"ஏன் சார்? லாபமே அதுலதான நிக்குது. கமிட்டிக்குக் காட்ட கணக்கெல்லாம் அதை வச்சுத்தான போட்டுருக்கோம்."

கமிட்டி செப்டம்பர் 12. இன்னும் இரண்டு வாரம் சொச்சம். உறைந்துபோன தண்ணீரில் கிருமி எப்படி இருக்கும்? அந்தக் குளிரில் எதுதான் உயிரோடு கிடக்கும்? ரூபன் எதையுமே ஒன்றுக்குப் பத்தாகச் சொல்கிறவன், சின்ன வயதிலிருந்தே. கமிட்டி வந்து போகட்டும், அடுத்த நாளே மாற்றிவிடலாம். "சும்மா கேட்டேன்டே" என்று அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் ஃபிளாஸ்க்கில் ஐஸ் போடாமல் வாங்கினேன். குளிர்ச்சி பல்லுக்கு ஆகாது, அவளுக்கும்தான்.

"என்னங்க, சில்லுனே இல்லையே" என்றாள் சுகிர்தா. ஐஸ் தீர்ந்துவிட்டது என்றேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

ஹாஸ்டலில் இருபது பேருக்கு மேல் படுக்கை. டைரக்டர் கூட்டம் போட்டார். "வைரல் காய்ச்சல்னு எழுதுங்க. மஞ்சக்காமாலைங்கற வார்த்தை பன்னெண்டாம் தேதி வரைக்கும் யார் வாயிலயும் வரக் கூடாது." ஹாஸ்டல் சமையல்காரர் வேலம்மாளை வேலையை விட்டு நிறுத்தியாயிற்று. தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவினார்கள்.

அந்த அம்மா கேட் பக்கத்தில் பையோடு நின்று என்னைப் பார்த்து, "நான் கொதிக்க வச்ச தண்ணிதான் சார் குடுத்தேன். நீங்களாவது சொல்லப்பிடாதா?" என்றார். விசாரிக்கிறேன் என்றேன். வண்டி ஸ்டார்ட் ஆகாமல் இரண்டு மூன்று உதை உதைக்கவேண்டியிருந்தது. அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

தொட்டிதான் காரணமாக இருக்கும். இருபது வருடத்துத் தொட்டி.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். பிள்ளைகள் பொன்னாடை போர்த்தினார்கள். 'எங்களை முதலாளி ஆக்கியவர்' என்று கேக்கில் எழுதியிருந்தது. வகுப்பில் பாதி இடம் காலி.

அந்த நேரம் பார்த்து நகராட்சிச் சுகாதார ஆய்வாளர் வந்தார். ஊருக்குள்ளும் நிறையப் பேருக்கு வந்திருக்கிறதாம். திருவிழாவுக்கு வந்தவர்கள் என்றார். சர்பத் கடைக்குப் போய், தண்ணீர் எது என்றார். கேன் தண்ணீரைக் காட்டினார்கள். ஐஸ் எங்கிருந்து என்றார்.

இசக்கி ஒரு நொடி என்னைப் பார்த்தான். "எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல உறைய வைக்கது சார்" என்றான்.

அவன் வீட்டில் மின்விசிறியே ஒன்றுதான். ஆய்வாளர் எழுதிக்கொண்டார். என்னிடம் திரும்பி, "நீங்கதான் இன்சார்ஜா? சரிதானே?" என்று கேட்டார். நான் தலையசைத்தேன். போகும்போது ஒரு கிளாஸ் குடித்துவிட்டுப் போனார்.

சொன்ன பாடத்தை மறக்கவில்லை பையன். அதில் பெருமைப்பட என்னால் முடியவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

சுகிர்தா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தாளிக்கிற வாசம் பிடிக்கவில்லை என்கிறாள். ஏழாம் மாதத்தில் இப்படித்தான் இருக்கும் என்று அவள் அம்மா போனில் சொன்னார்கள். ரசம் வைத்தேன், உப்பு கூடிவிட்டது.

பதினைந்து நாளாக ஐஸ் இல்லாமல்தானே கொடுக்கிறேன்.

செப்டம்பர் 12, வியாழன்

கமிட்டி வந்தது. மூன்று பேர். 'ஜில்லு'வைப் பார்த்து அசந்து போனார்கள். "புத்தகத்துல இல்லாததை இந்தப் பிள்ளைங்க செஞ்சு காட்டியிருக்காங்க" என்றார் தலைவர். எத்தனை பேர் இதுவரை குடித்திருப்பார்கள் என்று கேட்டார். பத்தாயிரத்துக்கு மேல் என்றேன், கொஞ்சம் கூட்டி. இன்னொரு கிளை திறக்கத் திட்டம் உண்டா என்றார். "ரெடியா இருக்கு சார்" என்றான் இசக்கி. ரோஷினியின் இடத்தில் வேறொரு பெண்ணை நிறுத்தியிருந்தோம். அவள் இன்னும் எழவில்லை.

டைரக்டர் என் தோளில் தட்டி, "இனிமே நீங்க நம்ம குடும்பம் செல்வின்" என்றார். ஆறு வருடம் காத்திருந்த வார்த்தை. காரை வழியனுப்பிவிட்டு நின்றபோது கால் தரையில் படவில்லை. நாளைக்கே ஐஸை மாற்றச் சொல்லவேண்டும்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். சுகிர்தா சிரித்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாள். கண்ணைப் பார்த்தேன். திரையை இழுத்துவிட்டுப் பார்த்தேன். விளக்கைப் போட்டுப் பார்த்தேன்.

"என்னங்க, என்னையே பாக்கீங்க?"

ஒன்றுமில்லை என்றேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

அரசு ஆஸ்பத்திரி. சேர்த்துவிட்டோம். தலைகாணி, ஃபிளாஸ்க், இரண்டு நைட்டி, சோப்பு. ஃபிளாஸ்க்கை வெந்நீருக்கென்று எடுத்து வந்தேன். கழுவினாலும் நன்னாரி வாசம் போகவில்லை. குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன்.

டாக்டர் ஒரு பெண். சின்ன வயது. ரத்தம் எடுத்துக்கொண்டு கேட்டார். "வெளியில ஏதாவது குடிச்சாங்களா? ஜூஸ், சர்பத், ஐஸ் போட்டது? யோசிச்சுச் சொல்லுங்க. இந்த வாரம் மட்டும் எத்தனையோ பேர் வந்துட்டாங்க. எங்கிருந்து பரவுதுன்னே எங்களுக்குத் தெரியல."

"வீட்டுத் தண்ணிதான். கொதிக்க வச்சது" என்றேன்.

சுகிர்தா என் பக்கம் திரும்பினாள். டாக்டர் போன பிறகுதான் பேசினாள். "சர்பத்தைச் சொல்லாம விட்டுட்டீங்களே?"

"அதுல என்ன இருக்கு, கேன் தண்ணிதான" என்றேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவள் என்னை நம்புகிறாள்.

இசக்கியிடம் சொல்ல நேரமில்லை. நாளை.

செப்டம்பர் 15, ஞாயிறு

உளறுகிறாள். என்னை அவள் தம்பி என்று நினைத்துக்கொண்டு ஸ்கூலுக்கு நேரமாச்சு என்கிறாள். கல்லீரல் வேலை செய்யவில்லையாம். மற்றவர்களுக்குப் படுத்து எழுந்தால் போய்விடுமாம். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்களைத்தான் இது கொண்டுபோகுமாம். இதை டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார். பக்கத்துக் கட்டிலிலும் ஒரு கர்ப்பிணி. அதற்கடுத்த கட்டிலிலும்.

ரூபன் வந்தான். கட்டிலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "பிள்ளைங்க என்ன யாவாரம்ணே செய்தாவ?" என்றான். நான் சுகிர்தாவின் போர்வையை இழுத்துவிட்டேன். அவன் வராந்தாவில் போய் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

செப்டம்பர் 17, செவ்வாய்

காலையில் குழந்தையின் துடிப்பு கேட்கவில்லை. வயிற்றின் மேல் அந்தக் கருவியை நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்தார்கள். நர்ஸ் தலையை நிமிர்த்தவேயில்லை. சுகிர்தாவுக்கு நினைவில்லை. அவளிடம் இதைச் சொல்லவேண்டிய வேளை வருமா என்பதே தெரியவில்லை.

டாக்டரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஐஸ் ஃபேக்டரி, ஓடைத் தண்ணீர், திருவிழா, ஃபிளாஸ்க். எப்போது தெரியும் என்று கேட்டார். ஆகஸ்ட் இருபத்தைந்து என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கடை இப்பவும் ஓடுதா?"

"ஓடுது."

"போய் மூடுங்க. மொதல்ல போய் அதை மூடுங்க. நான் ஹெல்த் ஆபீஸுக்குப் பேசுதேன்."

வெளியே ஓடினேன். பிரசவ வார்டு வாசலைத் தாண்டி ரோட்டில் கால் வைத்தேன். எதிரே புதுத் துணிப் பந்தல். 'ஜில்லு, கிளை 2.' கீழே சின்ன எழுத்தில்: 'வாடிக்கையாளர் எங்கேயோ அங்கே நாம்.' ஜூலையில் நான் வகுப்பில் சொன்னது. பார்வை நேரத்துக்காகக் காத்திருக்கும் கூட்டம் முழுக்க அங்கேதான் நின்றது. பெஞ்சில் உட்கார்ந்து நிறைமாதப் பெண் ஒருத்தி குடித்துக்கொண்டிருந்தாள்.

இசக்கிக்கு என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். "சார்! உங்களைக் கூப்பிடத்தான் போன் அடிச்சேன், நீங்க எடுக்கல. எடம் எப்பிடி சார்? மேடத்துக்கு வழக்கம்போலப் பார்சலா?"

சாக்கைப் பிடுங்கினேன். ஐஸ் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி ரோட்டில் கவிழ்த்தேன். அந்தப் பெண்ணின் கையிலிருந்த கிளாஸைத் தட்டிவிட்டேன். அவள் அலறினாள். அவள் புருஷன் என் சட்டையைப் பிடித்தான்.

"சார், என்ன சார் செய்தீங்க? நீங்க சொன்னதத்தான சார் செஞ்சோம்" என்று இசக்கி அழுதான். அவன் சொன்னது உண்மை.

நொறுங்கிய ஐஸ் வெயிலில் ரோடு முழுக்கப் பரவிக் கிடந்தது. எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் பிள்ளைகள், ஆறேழு பேர், கூச்சல் போட்டுக்கொண்டு ஓடி வந்து இரண்டு கையிலும் அள்ளினார்கள். "தொடாதீங்க, திங்காதீங்க" என்று கத்தினேன். சட்டையைப் பிடித்தவனை உதறிவிட்டு ஓடினேன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே சிதறினார்கள். மஞ்சள் கவுன் போட்ட ஒரு சிறுமி மட்டும் சுவரோரம் மாட்டிக்கொண்டாள். நான் கையை நீட்டிக்கொண்டு கிட்டே போனேன். பிடுங்கிவிடுவேன் என்று பயந்து, வைத்திருந்ததை அவசரமாக வாயில் போட்டுக்கொண்டாள்.